தை பிறக்கமுன் கைமாற்ற வேண்டியவை

மார்கழியில் கல்யாணம், குடிபுகல் எதுவும் வைக்கமாட்டோம். அதனாலேயே வீட்டுப் பொறுப்புகளை அடுத்தவர் கையில் கொடுப்பது பற்றிப் பேச இதைவிட நல்ல மாதம் இல்லை என்பேன். மழைக்கு எல்லாரும் வீட்டோடு. வெளியூர்ப் பிள்ளைகளும் லீவில் வந்து நிற்பார்கள். வேளாண்மை கதிர் வெளிவரமுன் குடலைப் பருவத்தில் நிற்கிறது, வெட்டுக்கு இன்னும் நாள் கிடக்கிறது.

எங்கள் வீட்டுக்கு இந்த வருஷம் எல்லாம் சேர்ந்து வந்திருக்கிறது. எனக்கு 60 வயது நிறைந்து பள்ளிக்கூடத்தில் ஓய்வு. தையில் இளைய மகளுக்குக் கல்யாணம். கணவருக்கு முழங்கால் வருத்தம் என்பதால் மட்டக்களப்பு வெல்லாவெளியில் உள்ள வயலை மூத்த மருமகன் ஏற்கிறார்.

முதலில் வீட்டைப் பேசுங்கள். களுவாஞ்சிகுடிப் பக்கம் வீடு மகளுக்குத்தான், தாய் தகப்பன் வளவுக்குள் சின்ன வீட்டுக்கு மாறுவது வழமை. ஆனால் வாய்ச்சொல்லோடு விடாதீர்கள். நொத்தாரிசிடம் போய் இரண்டு சாட்சிகளோடு நன்கொடை உறுதி (பத்திரம்) முடித்து, காணிப் பதிவகத்தில் பதியுங்கள். உங்கள் காலம் வரைக்கும் சீவிய உருத்து உண்டு என்பதை அந்த உறுதியிலேயே எழுதச் சொல்லுங்கள். பிள்ளையிடம் இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். கல்யாணத்துக்கு முன்னமே பேசி முடித்தால் வருகிற மருமகனுக்கும் நிம்மதி.

குசினியையும் கொடுத்துவிடுங்கள். அரிசிப்பானை எங்கே இருக்கவேண்டும் என்று இனி மகள்தான் சொல்லவேண்டும். நான் என் புட்டுக்குழலை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

வயலைக் கொடுப்பதுதான் பெரிய வேலை. என் கணவரிடம் மட்டை கழன்ற ஒரு சீஆர் கொப்பி இருக்கிறது. உழவுக்கூலி, உரம், மருந்து, யானைக்காவலுக்கு யார் எந்த இரவு, எல்லாம் அதில் உண்டு. எழுதாமல் அவர் தலைக்குள் கிடப்பதுதான் கூட. எந்த வரம்பு வெள்ளத்துக்கு முதலில் உடையும், கட்டாக்காலி மாடு எந்த மூலையால் ஏறும், வாய்க்கால் தண்ணீருக்கு மேல்வயல்காரரோடு எப்படிக் கதைக்கவேண்டும். இவற்றை நடந்து காட்டத்தான் வேண்டும். மண்டூர் வீதியில் தண்ணீர் வடிந்ததும் இருவரும் பட்டிருப்புப் பாலம் தாண்டிப் போய் ஒவ்வொரு வரம்பாக நடந்தார்கள். என் கணவர், வயல்கண்டத்தைப் பார்க்கிற வட்டவிதானையிடமும் ஒரு சொல் சொன்னார்: "இனி எதுவெண்டாலும் மருமகனோட கதையுங்க." அந்த ஒரு சொல் கட்டாயம் தேவை. நாலு பேர் முன்னால் சொல்லாவிட்டால் எல்லாரும் பழைய ஆளுக்குத்தான் போன் எடுப்பார்கள், இளையவருக்கு மதிப்பு இராது. சொன்ன பிறகு, இளையவர் வேறு நெல்லினம் விதைத்தாலும் வாய் திறக்கவேண்டாம். கேட்டால் சொல்லுங்கள்.

உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெறுகிறவர்கள் நியமனக் கடிதம், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கல்யாணச் சான்றிதழ் நான்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஓர் எழுத்துப் பிசகும் பென்சனை இழுத்தடிக்கும். வருஷா வருஷம் கிராம சேவகரிடம் உயிர்வாழ் சான்றிதழ் உறுதிப்படுத்த வேண்டியதையும் கலண்டரில் குறித்து வையுங்கள்.

டிசம்பர் 26இல் மட்டும் இந்தக் கதை எதுவும் வேண்டாம். 2004இல் சுனாமி கொண்டுபோனவர்களுக்கு நாவலடியிலும் கல்லடியிலும் கல்லாற்றிலும் விளக்கேற்றுகிற நாள் அது. இழந்த வீட்டாருக்கு அன்றைக்கு வேறெதுவும் காதில் ஏறாது. திருவெம்பாவை நாட்களில், விடியச் சங்கும் சேமக்கலமும் கேட்டு எழும்பி, தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் பேசுங்கள். அந்த நேரத்தில் யாரும் குரலை உயர்த்தமாட்டார்கள்.

லைட் பில், தண்ணி பில் பெயர் மாற்றம் ஜனவரியில் கந்தோர்கள் திறந்த பிறகு செய்யலாம். உறுதியின் பிரதி கேட்பார்கள், முன்கூட்டியே நாலைந்து போட்டோக் கொப்பி எடுத்து வையுங்கள்.