1960களின் காதல் காமிக்ஸ்: அவற்றைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீல அலைகளுக்கு நடுவே கழுத்தளவு மூழ்கிய பெண் ஒருத்தி. கண்ணில் நீர் வழிய, ‘மூழ்கினாலும் மூழ்குவேனே தவிர பிராடைக் கூப்பிட மாட்டேன்’ என்று நினைக்கிறாள். காமிக்ஸ் படங்களைப் பார்த்துப் பெரிதாக வரைந்த அமெரிக்க ஓவியர் ராய் லிக்டன்ஸ்டைன் 1963-இல் வரைந்த இந்த ஓவியம் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பதின்வயதுப் பெண்களுக்கான காதல் காமிக்ஸ் என்றாலே பலருக்கும் இந்த முகம்தான் நினைவுக்கு வரும். அதை வைத்தே ‘எல்லாம் அழுகைக் கதைகள்’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அவர் பார்த்து வரைந்த மூலப் படத்தைத் தேடிப் பாருங்கள். அமெரிக்க நிறுவனமான டிசி காமிக்ஸ் வெளியிட்ட ‘சீக்ரெட் ஹார்ட்ஸ்’ என்ற காதல் காமிக்ஸின் 83-ஆம் இதழில், 1962-இல் வந்தது. வரைந்தவர் டோனி அப்ருஸ்ஸோ. அதில் அவளுக்குப் பின்னால் கவிழ்ந்த படகும் அதைப் பற்றிக்கொண்டிருக்கும் காதலனும் இருக்கிறார்கள். அவளுக்குத் தசை பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்படியும் உதவி கேட்க மனசில்லை. ஓவியத்தில் படகும் போனது, காதலனும் போனான், தசைப்பிடிப்பும் போனது. ஒரு கதை வெறும் அழுமுகமாகிவிட்டது. லிக்டன்ஸ்டைனைப் பற்றி எழுதும்போது அப்ருஸ்ஸோவின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அது அவருக்கு நாம் பட்ட கடன்.

அடுத்தது, அமெரிக்காவையும் பிரிட்டனையும் ஒன்றாகக் குழப்புவது. அமெரிக்க இதழ்கள் வண்ணத்தில் வந்த சின்னப் புத்தகங்கள். ஆண்கள் நிறையப் பேர் வரைந்தார்கள். 1966-இல் ஸ்பைடர்மேனுக்குப் போன ஜான் ரோமிட்டா அதற்கு முன் பல வருடம் வரைந்தது காதல் கதைகளைத்தான். அதற்காக அங்கே பெண்களே இல்லை என்று எழுதிவிடக் கூடாது. ஜீனா பிராடி, ஃபில்லிஸ் ரீட் போன்ற பெண்கள் டிசியின் காதல் இதழ்களுக்கு ஆசிரியர்களாக இருந்தார்கள்.

பிரிட்டனில் ‘மெரிலின்’, ‘வாலண்டைன்’, ‘ராக்ஸி’, ‘ரோமியோ’ எல்லாம் வார இதழ்கள். உள்ளே பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படக்கதைகள், பாடகர்களின் படங்கள். ‘வாலண்டைன்’ அந்தக் காலப் பாட்டுகளின் தலைப்பை எடுத்துக்கொண்டு கதை பண்ணியது. 1964 ஜனவரியில் ‘ஜாக்கி’ வந்தது, விலை ஆறு பென்னி. அதை வெளியிட்ட டிசி தாம்சன் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்து நிறுவனம். பேட்மேனை வெளியிடும் டிசிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்தக் குழப்பத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறு ஒன்று. பிரிட்டிஷ் இதழ் என்பதால் வரைந்தவர்களும் பிரிட்டிஷ்காரர்கள் என்று நினைத்துக்கொள்வது. பல படக்கதைகள் பார்சிலோனாவில் வரையப்பட்டவை! சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில் இருந்த ஸ்பெயினில் ஓவியர்களுக்கு உள்ளூர்க் கூலி குறைவு. லண்டன் வேலைக்குக் கூடுதலாகக் கிடைத்தது. ஜோசப் தௌடைன் நடத்திய ‘செலெக்சியோனெஸ் இலுஸ்த்ராதாஸ்’ போன்ற முகவர் நிறுவனங்கள் கதையை வாங்கிவந்து படங்களை அனுப்பிவைத்தன. ஹோசே கொன்சாலெஸ், ஜோர்டி லொங்காரோன் இருவரும் இப்படித்தான் காதல் கதைகள் வரைந்தார்கள். கொன்சாலெஸ் பிறகு ‘வாம்பிரெல்லா’ என்ற திகில் காமிக்ஸால் புகழ்பெற்றார். ஆனால் காதல் இதழ்களின் பக்கங்களில் ஓவியர் பெயரைப் போடுவது அபூர்வம். பெயர் இல்லை என்பதற்காக ‘யாரோ வரைந்தது’ என்று விட்டுவிடாதீர்கள். முடியின் வளைவையும், ஒரு பெண் திரும்பிப் பார்க்கும் நிற்பையும் பொறுமையாக ஒப்பிட்டால் சில ஓவியர்களின் கைவண்ணம் பிடிபடும்.

சரி, ‘கல்யாணத்தில்தானே எல்லாம் முடிகிறது’ என்ற புகார்? அமெரிக்கக் கதைகளில் அது பாதி ஒரு கட்டுப்பாட்டால் வந்தது. 1954-இல் அமெரிக்கக் காமிக்ஸ் வெளியீட்டாளர்கள் தங்களுக்கே வகுத்துக்கொண்ட ‘காமிக்ஸ் கோட்’ என்ற விதித்தொகுப்பு, காதல் கதைகள் குடும்பத்தின் மதிப்பையும் திருமணத்தின் புனிதத்தையும் வலியுறுத்த வேண்டும் என்றது. அந்தக் கோட் பிரிட்டனைக் கட்டுப்படுத்தவில்லை. ஆகவே அங்குள்ள கதைகளுக்கும் அதையே காரணமாகச் சொல்லக் கூடாது.

பழைய பிரிட்டிஷ் இதழ் வாங்குபவர்கள் விலையைக் கவனியுங்கள். பழைய பென்னிக்கான ‘டி’ (d) எழுத்து இருந்தால், அது பெரும்பாலும் பிரிட்டன் நாணய முறையை மாற்றிய 1971 பிப்ரவரிக்கு முந்தையது. புகைப்படக் கதைகள் இருந்தால் அது அறுபதுகளின் ‘ஜாக்கி’ அல்ல. அவை எழுபதுகளில் வந்த பழக்கம். அப்புறம், நடுப்பக்கங்களை எண்ணிப் பாருங்கள். பாடகர் படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டுவது அந்தப் பெண்களின் வழக்கம். முழுசாகக் கிடைப்பது அரிது.