வெளிநாட்டு நர்ஸ் வேலை: கிளம்பும் முன்பே நடக்கும் தவறுகள்

வளைகுடா நாட்டு நர்ஸ் உரிமத்துக்கான பிராமெட்ரிக் என்ற கணினித் தேர்வில் தேறியவர்கள்கூட, சான்றிதழ்கள் உண்மையா என்று பார்க்கும் டேட்டாஃப்ளோ சரிபார்ப்பில் சிக்கி மாதக்கணக்கில் காத்திருப்பது உண்டு. டேட்டாஃப்ளோவில் உங்கள் சான்றிதழ் நகலை மட்டும் பார்த்து ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பல்கலைக்கழகம், நர்சிங் கவுன்சில், வேலை பார்த்த மருத்துவமனை என ஒவ்வோர் இடத்திலும் நேரடியாகக் கேட்பார்கள். சின்ன நர்சிங் ஹோம்களில் அந்த மெயிலுக்குப் பதில் போட ஆள் இருக்காது. யார் பதில் தருவார், எந்த முகவரிக்கு மெயில் வர வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் மருத்துவமனைப் பதிவேட்டில் உள்ளபடியே சான்றிதழில் இருக்கட்டும். 2 ஆண்டு அனுபவம் காட்டச் சில மாதங்களைக் கூட்டி எழுதி வாங்காதீர்கள். பொய் என்று அறிக்கை வந்தால் அடுத்த நாட்டு விண்ணப்பத்திலும் அது துரத்தும். விசா வந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவதும் தவறு. ஏற்கெனவே ஆள் பற்றாத வார்டில் உங்கள் நைட் டியூட்டி சக நர்ஸ்களின் தலையில் விழும். ரிலீவிங் லெட்டரும் கிடைக்காது.

நம் ஊருக்கே உரிய சிக்கல் இனிஷியல். மார்க்‌ஷீட்டில் 'எஸ். மீனா', பாஸ்போர்ட்டில் 'மீனா செல்வராஜ்', திருமணத்துக்குப் பின் கணவர் பெயர். முதலில் பாஸ்போர்ட்டைச் சரிசெய்து, அதே பெயரில் மொழித்தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள். பழைய சான்றிதழ்களுக்கு, இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற நோட்டரி அஃபிடவிட் வாங்கிவையுங்கள்.

பணத்தில் ஏமாறுவோர் இன்னும் அதிகம். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாய். 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. ரசீது கட்டாயம். ஏஜென்டின் உரிம எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். சென்னையில் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே ஆள் எடுத்து அனுப்புகிறது. "விசிட் விசாவில் போங்க, அங்கே மாத்திக்கலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படிப் போனால் ஒப்பந்தம் எங்கும் பதிவாகாது. சம்பளம் நின்றால் தூதரகத்தில் காட்டக் கையில் எதுவும் இருக்காது.

பிரிட்டனுக்கு ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் ரைட்டிங்கில் 6.5, மற்ற மூன்றிலும் 7 வேண்டும். ரைட்டிங்கில் 6 வந்தவுடன் பலர் முயற்சியைக் கைவிடுகிறார்கள். ஆனால் 12 மாதத்துக்குள் எழுதிய இரு தேர்வுகளின் மதிப்பெண்ணைச் சேர்த்துக் காட்டலாம். எதிலும் அரை மதிப்பெண்ணுக்கு மேல் குறையக் கூடாது, அவ்வளவுதான்.

ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழியில் பி1 நிலை முடித்துப் போனாலும், நர்ஸ் அங்கீகாரத்துக்குப் பொதுவாக அதற்கு அடுத்த பி2 நிலை தேவை. அதுவரை உதவியாளர் சம்பளம்தான். கடன் வாங்கும்போது அந்தத் தொகையை வைத்தே தவணையைக் கணக்கிடுங்கள்.