தூத்துக்குடிக்குத் தனியாக ஒரு நாள்

திருநெல்வேலி புதிய பஸ் ஸ்டாண்டில் காலையிலேயே தூத்துக்குடி பஸ் ஏறிவிடுங்கள், சுமார் 50 கிலோமீட்டர்தான், வல்லநாடு தாண்டும்வரை ஜன்னல் காற்று சுகமாக இருக்கும். ஏறும்போதே தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்ட் போகுமா என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் ஏறி, புதிய பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஆட்டோவுக்குத் தண்டம் அழுதேன்.

முதலில் பனிமய மாதா கோயில், அப்புறம் கடற்கரைச் சாலை. வெயில் ஏறிவிட்டால் நடக்க முடியாது, உப்புக்காற்றில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் பொரித்த பரோட்டா, சால்னாவை மேலே ஊற்றி உடனே சாப்பிட்டால்தான் அந்த மொறுமொறுப்பு.

மக்ரூன் இனிப்பைக் கடைசியாக வாங்குங்கள். முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சீனியும்தானே, பையில் அமுங்கினால் பொடிதான். மூடி இறுக்கமான டப்பா ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், ஈரக்காற்று பட்டால் நமத்துவிடும். எங்கள் வீட்டில் டப்பாவைத்தான் முதலில் கேட்பார்கள், என்னை அப்புறம்தான்.