யார் சொன்ன வசனம் என்று பார்த்தீர்களா? புதிதாக வேதம் போதிக்க வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தேன். கடையில் பெரும் நஷ்டம் கண்டு ஒடிந்துபோயிருந்த குடும்பம். முதன்முறையாகச் செய்தி கொடுக்க வந்த தம்பி வேதாகமத்தைத் திறந்து, "உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்" என்று தொடங்கினார். யோபு 8:7. எனக்கு அடிவயிறு கலங்கியது. இதே வசனத்தை வைத்து நான் செய்த தவறு இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் என்னை விட்டு நீங்கவில்லை.

நேரம் தாண்டிப் பேசுவது, வசன எண்ணை மாற்றிச் சொல்வது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றை விடுகிறேன்.

பேசுபவர் யார் என்று பாராமல் வசனத்தை எடுப்பது

இருபது ஆண்டுகளுக்கு முன் நான் போன வீடு, ஆறு வயது மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த வீடு. அந்தத் தாயின் கையில் இந்த யோபு 8:7 வசனத்தை ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிரவே அவர் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்திருக்கிறார். மறுநாள் என்னைப் பார்த்ததும் கேட்டார்: "தம்பி, என் பிள்ளை என்ன பாவம் செய்தான்?"

பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் அந்த வசனத்தை எடுத்தது தினத்தாள் காலண்டரிலிருந்து. யோபுவின் புத்தகத்தை முழுதாக ஒருமுறைகூட வாசித்திருக்கவில்லை.

அதைச் சொன்னவன் யோபுவின் மூன்று சிநேகிதரில் ஒருவனான பில்தாத். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்து, சாம்பலில் உட்கார்ந்திருக்கும் யோபுவிடம் சொல்கிறான். மூன்று வசனங்களுக்கு முன்னால், நான்காம் வசனத்தில், இறந்த பிள்ளைகளின் பாவத்தைத்தான் இழுக்கிறான். நீ சுத்தமானவனாக இருந்தால் எல்லாம் திரும்பி வரும் என்பது அவன் வாதம். 42ஆம் அதிகாரத்தில் கர்த்தர் இன்னொரு சிநேகிதனான எலிப்பாசிடம், அவன்மேலும் அவனுடைய இரண்டு சிநேகிதர்மேலும் தமக்குக் கோபம் மூளுகிறது என்கிறார். யோபு பேசியதுபோல் அவர்கள் தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். அந்த இருவரில் ஒருவன் பில்தாத். கர்த்தர் கடிந்துகொண்ட பேச்சைத்தான் நாம் வாக்குத்தத்தமென்று சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறோம், கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கிறோம். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

யோபுவின் பின்னிலைமை ஆசீர்வதிக்கப்பட்டது உண்மைதான். அது 42:12இல் இருக்கிறது, கர்த்தர் தந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் அங்கிருந்து சொல்லுங்கள், நடுவில் இருக்கும் அழுகையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தச் சிநேகிதர்கள் செய்த ஒரே நல்ல காரியம் 2:13இல் இருக்கிறது. ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் அன்று அப்படி உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தத் தாய் இரண்டு வருடம் சபைப் பக்கமே வரவில்லை.

எரேமியா 29:11ஐ பத்தாம் வசனம் இல்லாமல் சொல்வது

பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறிய பிறகுதான் மீட்பு என்று பத்தாம் வசனத்தில் இருக்கிறது. இரண்டே வருஷத்தில் விடுதலை என்று கள்ளத் தீர்க்கதரிசி அனனியா சொன்னது பொய்யாகப் போனது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு, அங்கேயே வீடு கட்டிக் குடியிருங்கள் என்று எரேமியா எழுதிய கடிதத்தில்தான், கர்த்தருடைய நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்ற 11ஆம் வசனம் வருகிறது.

துக்கமான சங்கீதங்களைத் தாண்டிப்போவது

88ஆம் சங்கீதத்தை இன்றே வாசியுங்கள்.

எதிராளியை மடக்க ஒரே வசனம்

இயேசுவைச் சோதித்தபோது பிசாசும் 91ஆம் சங்கீதத்தைத்தான் எடுத்துக் காட்டினான். இயேசுவின் பதில், "என்றும் எழுதியிருக்கிறதே" என்று முடிகிறது; ஒரு வசனத்தை இன்னொரு வசனத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

லேவியராகமம் நமக்கு வேண்டாம் என்பது

பலிகளைப் பற்றிய கட்டளைகளை எபிரெயர் நிருபத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும், இன்று அப்படியே செய்வதற்கல்ல. அதற்காகப் புத்தகத்தையே மூடிவிட முடியுமா? உன்னைப்போல் பிறனையும் நேசி என்று இயேசு எடுத்துச் சொன்னது லேவியராகமம் 19:18. அதே அதிகாரத்தில், வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காமல் எளியவனுக்கு விடச் சொல்லியிருக்கிறது. கள்ளத் தராசு கூடாதென்கிறது. கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாதென்கிறது.

எங்கள் வேதபாட வகுப்பில் இந்த அதிகாரத்தை வாசித்து முடித்தபோது, சித்தாள் வேலைக்குப் போகும் ஓர் அக்கா, கூலியைப் பற்றிய பதின்மூன்றாம் வசனத்தில் விரலை வைத்தபடி நிமிர்ந்தார்.

"இதை ஏன் இத்தனை வருஷமாக எங்களுக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை?" என்று கேட்டார்.