வெல்டிங் புகையும் நுரையீரல் புற்றுநோயும்: உங்கள் ஆபத்தை மதிப்பிடுவது எப்படி?

வெல்டிங் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017-ல் உறுதியாக வகைப்படுத்தியது. இருமல் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். புகைக்கும் நோய்க்கும் நடுவே 10, 20 ஆண்டுகள்கூட ஓடிவிடும்.

படி 1: வேலை வரலாற்றை எழுதுங்கள்

எனக்கு இதுதான் முக்கியமான படி. முதல் வேலையிலிருந்து எழுதுங்கள்: எந்த ஆண்டுகள், என்ன உலோகம், என்ன வெல்டிங் ராடு, நாளுக்கு எத்தனை மணி நேரம், திறந்த வெளியா, டேங்க் உள்ளேயா. ஹெல்பராக நின்ற காலத்தையும் சேருங்கள், பக்கத்தில் நிற்பவர் இழுப்பதும் அதே புகைதான். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசி, டீசல் புகை இருந்த இடங்களையும் குறித்துவையுங்கள். இரண்டுமே நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும்.

படி 2: புகைக்குள் என்ன இருக்கிறது?

ராடுக்கான பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் (குரோமியத்தின் புற்றுநோய் உண்டாக்கும் வடிவம்), நிக்கல் இரண்டையும் தேடுங்கள். சாதா இரும்புதானே என்று விடவும் முடியாது. 2017 முடிவு எல்லா வெல்டிங் புகைக்கும் பொருந்தும்.

படி 3: அளந்து பாருங்கள்

வாசனையை வைத்து அளவு சொல்ல முடியாது. இடுப்பில் காற்றை இழுக்கும் சின்ன பம்ப், மூக்கிலிருந்து 30 செ.மீ.க்குள் புகையைப் பிடிக்கும் ஃபில்டர், வெல்டிங் ஹெல்மெட் போடுபவருக்கு அதன் உட்புறம். அறை மூலையில் வைத்த கருவி நீங்கள் சுவாசிப்பதைக் காட்டாது. இதற்குத் தொழில்சார் சுகாதார வல்லுநர் வேண்டும், நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

முடிவை 8 மணி நேர சராசரியாக மாற்ற வேண்டும். ஒரு கனமீட்டரில் 16 மைக்ரோகிராம் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம், 3 மணி நேரம், மீதி நேரம் புகையில்லை என்று வையுங்கள்: 16 × 3 ÷ 8 = 6. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் வரம்பு 5, ஆகவே இது மீறல். 4 வந்தாலும் ஆபத்து பூஜ்ஜியம் ஆகிவிடாது.

படி 4: புகையைக் குறையுங்கள்

புகை முகத்துக்கு வருமுன் ஆர்க் பக்கத்திலேயே உறிஞ்ச வேண்டும். துணி மாஸ்க் இந்த நுண்துகள்களைத் தடுக்காது. முகத்தோடு இடைவெளியில்லாமல் பொருந்தும் ரெஸ்பிரேட்டர் தேவை.

படி 5: மருத்துவரிடம் போங்கள்

வேலை வரலாறு எழுதிய நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். பீடி, சிகரெட் பழக்கத்தை மறைக்காதீர்கள், கல்நாரும் புகைப்பழக்கமும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகும். சாதாரண எக்ஸ்ரே ஆரம்பக் கட்டியைத் தவறவிடலாம். குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் உங்களுக்குத் தேவையா என்று நேராகவே கேளுங்கள்.