பிள்ளைக்குத் தனிப் பந்துவீச்சுப் பயிற்சி: பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

சேலம் மாவட்டத்தில் கிரிக்கெட்டில் பந்துவீசும் பிள்ளையைப் பெற்றவர்களின் பேச்சில் இரண்டு நடராஜன்கள் வருவார்கள். ஒருவர், சின்னப்பம்பட்டியில் முறையான பயிற்சி எதுவும் இல்லாமல் டென்னிஸ் பந்தில், மட்டையாளரின் காலடியில் விழும் யார்க்கர் வீசிப் பழகி, 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட் வரை சென்றவர். மற்றவர், 2015-இல் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமான கையோடு பந்துவீசும் முறையே ஐயத்துக்குரியது என்று புகாருக்கு உள்ளாகி, இருபது வயதைத் தாண்டிய பிறகு அதை அடியிலிருந்து திருத்திக்கொண்டு மீண்டவர். தனிப் பயிற்சி வேண்டாம் என்பவர்கள் முதல்வரைக் காட்டுவார்கள். வேண்டும் என்பவர்கள் இரண்டாமவரைக் காட்டுவார்கள். இருவரும் ஒருவரே என்பதை நினைத்துப் பார்த்தால், எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கத் தேவையில்லை என்பது ஓரளவு விளங்கிவிடும். வேகமும் யார்க்கரும் ஆசையும் ஊர்த் திடலிலேயே கிடைத்துவிடுகின்றன. தவறைக் கண்டுபிடிக்கும் கண் ஒன்றுதான் அங்கே எளிதில் கிடைப்பதில்லை. நாம் பணம் கொடுத்து வாங்கப் போவது அந்தக் கண்ணைத்தான் என்று முதலில் வைத்துக்கொண்டால் மற்றவற்றைத் தீர்மானிப்பது எளிது.

தனிப் பயிற்சி என்ற எண்ணம் பெற்றோருக்கு எங்கே தோன்றுகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது அகாடமியில் வலை கட்டிய பயிற்சித் தடமான நெட்ஸ் ஓரத்தில் நிற்கும்போது தோன்றுகிறது. மட்டை பிடிக்கும் பிள்ளைக்குப் பத்து நிமிடம் கிடைக்கிறது. அந்தப் பத்து நிமிடமும் பயிற்சியாளரின் பார்வை அவன் கால்களிலும் முழங்கையிலும்தான் இருக்கிறது. பந்து வீசும் பிள்ளையோ, ஒருவன் மாற்றி ஒருவனுக்கு ஒரு மணி நேரம் வீசிக்கொண்டே இருக்கிறான். அவனிடம் யாராவது ஏதாவது சொன்னால் அது “சரியான இடத்தில் போடு” என்பதாக இருக்கும். கட்டணம் இருவருக்கும் ஒன்றுதான், ஆனால் கற்றுக்கொள்பவன் ஒருவன், அவனுக்காக உழைப்பவன் மற்றவன். இதைக் கண்டு மனம் வெதும்பித் தனியாக ஒருவரைத் தேடுவதற்கு முன், இருக்கும் அகாடமியிலேயே ஒன்று கேட்டுப் பார்க்கலாம். வாரத்தில் ஒரு நாள், மட்டையாளர் இல்லாமல், ஒற்றை ஸ்டம்பையோ தரையில் விரித்த ஒரு துண்டையோ குறியாக வைத்துப் பதினைந்து நிமிடம் வீச விட்டு, அந்த நேரம் மட்டும் நின்று பார்க்க முடியுமா என்று கேளுங்கள். ஒப்புக்கொள்ளும் பயிற்சியாளர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். ஒப்புக்கொண்டால் உங்கள் செலவு அங்கேயே மிச்சம்.

அடுத்து, வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. பிள்ளை பந்து வீசுவதைக் கைப்பேசியின் மெதுவோட்டப் பதிவில், ஒருமுறை பக்கவாட்டிலிருந்தும் ஒருமுறை நேர் பின்னாலிருந்தும் எடுங்கள். வலக்கைப் பந்துவீச்சாளராக இருந்தால், தாவி வந்து வலது கால் தரையில் ஊன்றும் கணத்தில் படத்தை நிறுத்துங்கள். இடுப்பும் தோள்களும் ஒரே பக்கம் நோக்கியிருந்தால், அது பக்கவாட்டு முறையாக இருந்தாலும் நேர்முக முறையாக இருந்தாலும், அவசரம் எதுவும் இல்லை. இடுப்பு மட்டையாளரை நோக்கியும் தோள்கள் பக்கவாட்டில் திரும்பியும் இருந்தால், முறுக்கிய துணியைப் போல முதுகின் கீழ்ப்பகுதி ஒவ்வொரு பந்துக்கும் திருகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இந்தக் கலப்பு முறைதான் இளம் வேகப்பந்து வீச்சாளர்களின் முதுகெலும்பில் மயிரிழை போன்ற விரிசல் விழுவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்றாக நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. 1987-இல் சென்னையில் தொடங்கிய வேகப்பந்துப் பயிற்சி மையமான எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷனுக்குப் பயிற்றுவிக்க வந்த ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லியே 1973-இல் முதுகெலும்பு முறிவால் ஆட்டத்தை விட்டு விலகி, பந்துவீச்சை மாற்றியமைத்துக்கொண்டு திரும்பியவர். ஆகவே படத்தில் இந்தத் திருகல் தெரிந்தால், அல்லது தெரிகிறதா இல்லையா என்று உங்களால் சொல்ல முடியாவிட்டால், தனிப் பயிற்சியாளர் ஒருவரிடம் காட்டுவதற்கு அது நியாயமான காரணம். என் கணக்கில், ஐயமின்றிப் பணம் கொடுக்கத்தக்க காரணம் அது ஒன்றுதான்.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் மகனுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, வேகம் கூட வேண்டும் என்று அவனும் நானும் சேர்ந்தே ஆசைப்பட்டு, விடியற்காலையில் தனியாகக் கற்றுக்கொடுக்கும் ஒருவரிடம் சேர்த்தோம். அவர் கெட்டவர் அல்லர். நேரம் தவறாதவர், பிள்ளைகளிடம் அன்பானவர். ஆனால் அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்று: இன்னும் வேகமாக, இன்னும் ஒரு ஓவர். காலையில் அவரிடம் ஒரு மணி நேரம், மாலையில் அகாடமி, ஞாயிற்றுக்கிழமை ஓமலூர்ப் பக்கம் ஏதாவது ஒரு டோர்னமென்ட். மூன்று இடத்திலும் அவன் எத்தனை பந்து வீசினான் என்று அந்த மூவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான்காவது மாதத்தில் குனிந்து ஷூ மாட்டும்போது முகம் சுளித்தான். அதன்பின் கிரிக்கெட் இல்லாமல் கழிந்த மாதங்களில்தான் நான் எண்ணக் கற்றுக்கொண்டேன்.

எண்ணுவது இதில் தலையாய வேலை. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் நெடுங்காலம் கடைப்பிடித்த வழிகாட்டுதலின்படி, 13 வயதுக்கு உட்பட்ட வேகப்பந்து வீச்சாளர் தொடர்ச்சியாக 5 ஓவருக்கு மேலும் ஒரு நாளில் 10 ஓவருக்கு மேலும் வீசக்கூடாது. 14, 15 வயதில் அது 6, 12 என்று உயர்கிறது. ஏழு நாளில் நான்கு நாளுக்கு மேல் வீசக்கூடாது, அதிலும் இரண்டு நாளுக்கு மேல் தொடர்ந்து கூடாது. பந்துக் கணக்கில் பார்த்தால், பதின்மூன்று வயதுக்குக் கீழ் ஒரு நாள் முழுவதற்கும் 60 பந்து. நெட்ஸில் ஒரு மணி நேரம் வீசினாலே அது தீர்ந்துவிடக்கூடும். அமெரிக்காவில் பேஸ்பால் பந்தெறியும் பிள்ளைகளின் பெற்றோரும் இதே தனிப் பயிற்சிக் கேள்வியோடு அலைகிறார்கள். அங்கே முழங்கையும் தோளும் கெடுகின்றன, இங்கே முதுகு கெடுகிறது. அங்கும் 11, 12 வயதுக்கு ஒரு நாளில் 85 எறிதல் என்று வரம்பு வைத்து எண்ணத்தான் செய்கிறார்கள். வீட்டில் தினசரிக் காலண்டரின் கிழித்த தாளுக்குப் பின்புறம் அன்றைய பந்துகளைக் குறித்து வைத்தாலே போதும். ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். கணக்கு ஏற்கெனவே நிரம்பியிருந்தால், தனிப் பயிற்சியை அதற்கு மேல் ஏற்ற இடமே இல்லை. சேர்ப்பதானால் வேறொன்றைக் குறைத்துத்தான் சேர்க்க வேண்டும்.

பந்துவீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில் இடுப்புக்குச் சற்று மேலே வலித்தால், குறிப்பாகப் பின்னால் வளையும்போது வலித்தால், அது பயிற்சியாளரிடம் கேட்கும் விஷயமே இல்லை. வீசுவதை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். தொடக்க நிலை விரிசல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம் என்பதால், “எக்ஸ்ரே சரியாக இருக்கிறது, விளையாடலாம்” என்று மைதானத்தில் யாராவது சொன்னால் அதைக் காதில் வாங்க வேண்டியதில்லை.

இனி, ஒருவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்ற இடத்துக்கு வருவோம். இந்தியக் கிரிக்கெட் வாரியமான பிசிசிஐ நடத்தும் பயிற்சியாளர் தேர்வில் தேறிய சான்றிதழ் இருந்தால் நல்லது, ஆனால் அது தொடக்கம் மட்டுமே. மட்டையாளராக விளையாடியவர் பந்துவீச்சைப் பார்ப்பதற்கும், வெயிலில் பதினைந்து ஓவர் வீசி முதுகு வலித்தவர் பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு. முதல் சந்திப்பில் அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். பிள்ளை வேறெங்கே விளையாடுகிறான், வாரத்துக்கு எவ்வளவு வீசுகிறான், கடந்த ஆண்டில் எத்தனை அங்குலம் வளர்ந்தான், எங்கேயாவது வலிக்கிறதா என்று கேட்பவர் உங்களுக்கு வேண்டிய கண்ணை உடையவர். பந்தைக் கவனியுங்கள்: 13 வயதுக்கு உட்பட்டோருக்கான பந்து 133 முதல் 144 கிராம், ஆண்களுக்கான முழுப் பந்து ஏறத்தாழ 156 முதல் 163 கிராம். பதினொரு வயதுப் பிள்ளையின் கையில் முழுப் பந்தைத் திணித்து பெரியவர்கள் ஆடுகளத்தின் முழு நீளமான 22 கெஜத் தொலைவிலிருந்து வீசச் சொல்பவர், அந்தக் கனத்தையும் தொலைவையும் ஈடுகட்ட உடல் எப்படியெல்லாம் கோணிக்கொள்ளும் என்று யோசிக்காதவர். பெண் பிள்ளையைச் சேர்ப்பவர்கள் மகளிர் பந்து 140 முதல் 151 கிராம் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

“அடுத்த வருடம் மாவட்ட அணியில் சேர்த்துவிடுகிறேன்” என்று வாக்களிப்பவரிடம் மேற்கொண்டு பேசவே வேண்டாம். வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்க யோசனை சொல்பவரிடமிருந்து ஓடிவிட வேண்டும்; பிசிசிஐ வயதுப் பிரிவு ஆட்டங்களில் கை எலும்பைப் படம் பிடித்து வயதைக் கணிக்கும் சோதனை நடைமுறையில் இருக்கிறது, அகப்பட்டால் தண்டனை பிள்ளைக்குத்தான்.

பணக் கணக்குக்கு வருவோம். ஒரு வகுப்புக்கு 500 ரூபாய், வாரம் இரண்டு வகுப்பு என்று வைத்துக்கொண்டால் மாதம் 4,000, ஆண்டுக்கு 48,000. கொலுசுப் பட்டறையிலோ தறியிலோ வரும் வருமானத்தில் வாழும் வீட்டுக்கு அது சின்னத் தொகை அல்ல. ஷூவும் பந்தும் பெட்ரோலும் அதற்கு மேல். ஆனால் நாம் வாங்குவது கண் என்று முதலில் சொன்னேன் அல்லவா, அந்தக் கண் வாரம் இருமுறை தேவைப்படுவதில்லை. பந்துவீசும் உடலசைவில் ஒரு திருத்தத்தைச் சொல்லிக்கொடுத்தால், அது உடம்பில் படியப் பல வாரங்கள் பிடிக்கும். அந்த வாரங்களில் பிள்ளை தனியாகக் குறைந்த வேகத்தில் சில ஓவர்கள் வீசிப் பழகினால் போதும், பக்கத்தில் ஒருவர் நின்று கட்டணம் வாங்க வேண்டியதில்லை. என் கருத்தில், பன்னிரண்டு வயது வரை தனிப் பயிற்சி அநாவசியம். பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை, உயரம் சடசடவென்று ஏறி, நேற்றுவரை சரியாக இருந்த ஓட்டமும் தாவலும் குலைந்துபோகும் காலம்; அப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கு நான்கு அமர்வு, ஒவ்வொன்றும் முழு ஒரு மணி நேரம் காட்டினால் போதுமானது. அதே 500 ரூபாய்க் கணக்கில் அது 2,000 ரூபாய். நல்லவர் ஒருவர் இரண்டு மடங்கு கேட்டாலும் கொடுக்கலாம். பதினைந்துக்கு மேல், வாழப்பாடி மைதானம் போன்ற இடங்களில் தேர்வு ஆட்டம் ஆடும் நிலைக்குப் பிள்ளை வந்துவிட்டால் கணக்கு மாறும். அதற்குள் யார் நல்ல பயிற்சியாளர் என்பது அவனுக்கே தெரிந்திருக்கும்.

ஏற்காட்டிலிருந்து ஓர் உறவினர் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார். அங்கே சமதளத் திடல் குறைவு. வாரந்தோறும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் அஸ்தம்பட்டிக்கு மகளை அழைத்து வருவது முறையா என்றார். வேண்டாம் என்றேன். வளைவில் வாந்தி எடுத்துக் களைத்து இறங்கும் பிள்ளை வீசும் பந்தைப் பார்த்துத் திருத்துவதில் பயன் குறைவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முந்தைய நாள் மாலையே கீழே வந்து தங்கி, காலை ஆறு மணிக்குக் காட்டிவிட்டு ஏறிவிட்டால், இடைப்பட்ட காலத்துக்குக் கைப்பேசிப் பதிவை அனுப்பிக் கருத்துக் கேட்கலாம். சித்திரை வெயில் காலத்தில் சேலத்துக்காரர்களும் அந்த ஆறு மணியை விட்டு விலகாமல் இருப்பது நல்லது.

முதல் அமர்வுக்குப் பணம் கொடுத்த பின் முடிவெடுக்க ஒரு வழி உண்டு. வீடு திரும்பும் வழியில், “இன்றைக்கு சார் என்ன சொன்னார்?” என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். “வேகமாப் போடச் சொன்னார்” என்றால் அடுத்த அமர்வு தேவையில்லை. “இடது கையை மேலே தூக்கிட்டு, அதை நேராக் கீழ இழுக்கணுமாம், தலை சாயக்கூடாதாம்” என்று தன் சொந்தச் சொல்லில் சொல்லத் தெரிந்தால் பணம் வீண் போகவில்லை. ஏழெட்டுச் செய்தியை மூச்சு விடாமல் அடுக்கினால், அவரிடம் மறுமுறை போகும்போது ஒன்றை மட்டும் சொல்லும்படி பணிவாகக் கேட்டுக்கொள்ளலாம். அடுத்த இரண்டு வாரம் யாரும் சொல்லாமலே அந்த ஒன்றைப் பிள்ளை மொட்டைமாடியிலோ சந்திலோ செய்து பார்க்கிறானா என்று கவனியுங்கள். செய்யவில்லையென்றால் திட்ட வேண்டாம். அவனுக்கு இப்போது நண்பர்களோடு ஆடுவதில்தான் விருப்பம் என்று தெரிந்துகொண்டு, அடுத்த அமர்வை ஓர் ஆண்டு தள்ளிப் போட்டுவிடலாம்.

நாங்கள் இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை முறையில்தான் போகிறோம். போகும் நாளன்று கதவு நிலையில் அவன் உயரத்தைப் பென்சிலால் குறித்து, முந்தைய கோட்டுக்கும் இந்தக் கோட்டுக்கும் உள்ள இடைவெளியையும், காலண்டர்த் தாள்களில் சேர்ந்த பந்துக் கணக்கையும் ஒரு சீட்டில் எழுதி எடுத்துச் செல்கிறேன். போன முறை அவர் சீட்டைப் படித்துவிட்டு, பந்தை வாங்கித் தம் பையில் போட்டுக்கொண்டு, அன்று முழுவதும் பந்துவீச ஓடிவரும் ரன்-அப்பை மட்டும் ஓட வைத்தார். அந்த ஒரு மணி நேரத்துக்கான கட்டணத்தை நான் முனகாமல் கொடுத்தேன்.