புதிய சப் வோர்டன்களே, அந்தப் பட்டியலைக் கொடுக்காதீர்கள்

பல்கலைக்கழக விடுதிக்குப் புதிதாக வரும் சப் வோர்டன்களில் அநேகர் அப்போதுதான் பட்டம் பெற்றவர்கள். ஒருவர் தற்காலிக விரிவுரையாளராக இருப்பார், இன்னொருவர் எம்.பில். பதிவு செய்துவிட்டு ஆய்வு நிதிக்குக் காத்திருப்பார். தங்க ஓர் அறையும் சிறு கொடுப்பனவும் கிடைக்கும். அதற்குப் பதிலாக, ஒரு கட்டடம் நிறைய இருக்கும் மாணவியருக்கு இரவு முழுவதும் பொறுப்பு. நியமனக் கடிதத்தில் ‘உப விடுதிக் காப்பாளர்’ என்று அழகாக இருக்கும். என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று அந்தக் கடிதத்திலும் இருக்காது, வேறு யாரும் சொல்லித் தருவதும் இல்லை. மலையகத்தில் பெண்கள் விடுதியொன்றில் இந்த வேலையைச் செய்தவள் நான். நான் விழுந்த குழிகளிலேயே புதியவர்கள் ஒவ்வோர் ஆண்டும் வந்து விழுகிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

சாவியைத் தொலைக்காதீர்கள், பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள், மாணவியரிடம் கடன் வாங்காதீர்கள் என்பவற்றையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை தெரியாதவருக்கு இந்த வேலையைக் கொடுத்திருக்கவே மாட்டார்கள். கீழே ஒவ்வொரு தலைப்பும் புதியவர்கள் செய்யும் ஒரு தவறு.

பெயர்ப் பட்டியலைக் கைமாற்றுவது

புதுமுக மாணவியர் விடுதிக்கு வரும் நாளை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் இரவு பஸ்ஸில் வந்தவர்கள் விடியமுன்னரே வாசலில் குந்தியிருப்பார்கள். ஹட்டன் பக்கத்திலிருந்து வந்த அப்பா ஒருவர், கயிற்றால் கட்டிய மெத்தையைத் தோளிலிருந்து இறக்க இடம் தேடிக்கொண்டு நிற்பார். காலியிலிருந்தும் குருநாகலிலிருந்தும் வந்த தாய்மார் சிங்களத்தில் கேள்வி கேட்பார்கள். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 55 வீத இடங்கள் மாவட்ட ஒதுக்கீட்டில் போவதால், நாட்டின் எல்லா மூலைகளும் ஒரே காலையில் உங்கள் மேசைக்கு முன்னால் வரிசையில் நிற்கும். மேசையில் நீங்கள் ஒருவர், எழுதுவினைஞர் ஒருவர், மட்டைத் துண்டில் இலக்கம் கட்டிய சாவிக் குவியல் ஒன்று. வெளியே மழை.

அப்போது மூன்றாம் வருட மாணவி ஒருத்தி வருவாள். குடையை மடக்கி வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவாள், அவ்வளவு பண்பு. “மிஸ், காலையிலிருந்து நீங்கள் தேநீர்கூடக் குடிக்கவில்லையே. பட்டியலைத் தாருங்கள், நான் இவர்களை அறைகளுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். எனக்கு இரண்டு மொழியும் தெரியும்.”

நீங்கள் கொடுத்துவிடுவீர்கள்.

அந்தத் தாள்களில் பெயர் மட்டுமா இருக்கிறது? பீடம், வீட்டு முகவரி, படித்த பாடசாலை, மாணவியின் தொலைபேசி இலக்கம், பெற்றோரின் இலக்கம், அறை எண், கட்டில் எண் எல்லாம் இருக்கின்றன. கைத்தொலைபேசியில் படமெடுக்கப் பத்து விநாடி போதும். மாலை ஆகும்போது அது நீங்கள் கேள்விப்பட்டே இராத வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கும்.

என்னுடன் வேலை செய்த புதிய சப் வோர்டன் ஒருவர் இப்படித்தான் கொடுத்தார். சில நாட்கள் கழித்து, இரவு ஒரு மணிக்குப் பின்னர் என் கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள். தோட்டத்திலிருந்து வந்திருந்த முதலாம் வருட மாணவி. வாய் திறக்கவில்லை, என்னைத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கட்டிலுக்குக் கீழிருந்த பயணப் பெட்டியை இழுத்துத் திறந்தாள். உள்ளே துவாயால் சுற்றிய கைத்தொலைபேசி, அதன்மேல் இரண்டு கம்பளிச் சட்டை. அத்தனைக்கும் உள்ளே அது அதிர்ந்துகொண்டே இருந்தது. தெரியாத இலக்கங்கள், ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று. பேசியவர்களுக்கு அவளுடைய பாடசாலை தெரிந்திருந்தது, அப்பாவின் பெயர் தெரிந்திருந்தது, அவளுடைய கட்டில் எதுவென்றும் தெரிந்திருந்தது. வெளியே இருட்டில் நின்று தன்னை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பி, அவள் மின்விளக்கைப் போடாமலே இருந்திருக்கிறாள். யாரும் பார்க்கவில்லை. பட்டியலை வாசித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அவள் எடுக்காதபோது வீட்டு இலக்கத்துக்கும் அழைத்திருக்கிறார்கள். நடுச்சாமத்தில் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், தொலைபேசி அடித்தால் அது சாவுச் செய்தி என்றுதான் அம்மா எழும்புவார். மறுநாளே அப்பா வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போனார். அவள் திரும்பி வந்தாள்தான், ஆனால் அதற்குள் பல விரிவுரைகள் போய்விட்டன. பரீட்சைக்கு அமர 80 வீத வரவு கேட்கும் பீடம் அவளுடையது. மருத்துவச் சான்றிதழ் இல்லாத விடுமுறைக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தே அந்தத் தவணை முடிந்தது.

விசாரணை நடந்தது. பட்டியல் எப்படிக் கிடைத்தது என்று கேட்டபோது, “மிஸ்தான் தந்தார்” என்றாள் அந்த மூன்றாம் வருட மாணவி. அது உண்மை. அதற்குமேல் விசாரணை நகரவில்லை. அழைத்தவர்கள் யார் என்ற கேள்வி பின்னுக்குப் போய், சப் வோர்டன் ஏன் கொடுத்தார் என்பது முன்னுக்கு வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தில் பாதி அந்த மாணவியின்மேல்கூட இல்லை. அவள் உண்மையிலேயே உதவத்தான் வந்திருக்கலாம். ஆனால் பட்டியல் கையில் இருப்பதைக் கண்டு அவளுக்கு மூத்தவர்கள் கேட்டால், ‘தரமாட்டேன்’ என்று சொல்லிவிட்டு அவளால் அதே விடுதியில் இன்னும் ஓராண்டு இருக்க முடியுமா? கையில் இல்லையென்றால், இல்லை என்று உண்மையைச் சொல்லித் தப்பியிருப்பாள். கொடுக்காமல் இருப்பது அவளுக்கும் பாதுகாப்பு.

தொலைபேசியில் பயமுறுத்துவதெல்லாம் பகிடிவதையா, அதாவது மூத்த மாணவர்கள் புதியவர்களைத் துன்புறுத்தும் ‘ராகிங்’கா, என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், விரிவுரையாளர்களிலும் இருக்கிறார்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். உடலில் கைவைத்தால்தான் பகிடிவதை என்று அதில் இல்லை. மன வேதனையையோ பயத்தையோ உண்டாக்கும் செயலும் அதற்குள் அடங்கும். தண்டனை இரண்டு ஆண்டுவரை சிறை. பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ சேர்ந்தால் பத்து ஆண்டுவரை. அந்தச் சட்டம் சும்மா வரவில்லை. 1975இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பகிடிவதைக்குத் தப்ப விடுதி மாடியிலிருந்து குதித்த மாணவி ஒருவர் பின்னர் எழுந்து நடக்கவே இல்லை. 1997இல் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்து மாணவர் ஒருவர் பகிடிவதையால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த ஆண்டுதான் சட்டம் வந்தது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேறியிருக்கிறது. ஆகவே உங்கள் மேசையில் கிடக்கும் தாள்களை அலுவலகக் கழிவு போல நடத்தாதீர்கள்.

வேறு என்ன செய்யலாம்? முதல் நாளுக்கென்று இன்னொரு தாள் தயாரியுங்கள். அதில் பதிவிலக்கத்தின் கடைசி எண்களும் அறை எண்ணும் மட்டும் இருந்தால் போதும். வழிகாட்ட வருபவரிடம் அதைத் தாராளமாகக் கொடுங்கள். மொழி உதவி தேவையென்றால் இன்னொரு விடுதியின் சப் வோர்டனை அரை நாளுக்குக் கேளுங்கள், அல்லது இரு மொழியும் தெரிந்த பாதுகாப்பு அலுவலரைக் கேளுங்கள். முழுப் பட்டியல் பூட்டிய இழுப்பறையைவிட்டு வெளியே வரக்கூடாது. அறைக் கதவுகளில் பெயர் ஒட்டும் அன்பான வழக்கம் சில விடுதிகளில் இருக்கிறது. முதல் தவணைக்காவது அதை நிறுத்துங்கள்.

இத்தனையும் செய்துவிட்டு, அன்று மாலையே எல்லா இலக்கங்களையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குகிறவர்களை என்னவென்று சொல்வது? குழுவில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் மற்ற எல்லோருடைய இலக்கமும் தெரியும். அதுவும் பட்டியலைக் கொடுத்ததுதான். அறிவித்தல் பலகை இருக்கிறது, அதில் ஒட்டுங்கள்.

‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்பது

அழுதுகொண்டு வருகிறவள் முதலில் கேட்பது இந்த வாக்குறுதியைத்தான். கொடுக்காதீர்கள். அடுத்த நிமிடம் அவள் சொல்லப்போவது மாத்திரைகளைப் பற்றியதாக இருக்கலாம். அப்போது வாக்கையும் காக்க முடியாது, வாயையும் மூட முடியாது. “உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் ஒருவரிடம் சொல்வேன். யாரிடம் சொல்கிறேன் என்பதை உன்னிடம் முதலில் சொல்லிவிடுவேன்.” இவ்வளவுதான் நீங்கள் கொடுக்கக்கூடிய வாக்கு. இதைக் கேட்டபிறகும் பெரும்பாலானோர் பேசத்தான் செய்கிறார்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐயும், அம்புலன்ஸுக்கான 1990ஐயும் மனப்பாடமாக வைத்திருங்கள். அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது. நீங்கள் உளவளத்துணையாளர் இல்லை என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும். இரவை ஆபத்தில்லாமல் கழித்து, காலையில் சரியான ஆளிடம் கூட்டிக்கொண்டு போவதுதான் உங்கள் பங்கு.

ஹீட்டர்களைப் பறிமுதல் செய்வது

முதலில் வெந்நீருக்கு வழி செய்யுங்கள்.

மழையை வெறும் மழை என்று நினைப்பது

கீழ்நாட்டிலிருந்து வரும் சப் வோர்டன்கள் குளிரைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள், மண்சரிவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நமது விடுதிகள் பல, மலையை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் நிற்கின்றன. பின்சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு வடிகான்தான் இருக்கும். பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே கட்டடத்தின் பின்பக்கத்தைச் சுற்றிப் பாருங்கள். எந்த அறைகள் மேட்டை ஒட்டி இருக்கின்றன, இரவில் அவர்களை எங்கே மாற்றுவது என்று அப்போதே முடிவு செய்யுங்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிலைகளில் விடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இரு, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக இரு, சிவப்பு என்றால் வெளியேறு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை முதல் நிலைக்கும், 100 இரண்டாவதற்கும், 150 மூன்றாவதற்கும் அளவுகோல். ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலும் வெளியேற வேண்டியதுதான். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கிளம்பிய ஊற்று, தெளிவாக ஓடிய நீர் கலங்குவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அறிவித்தலுக்குக் காத்திருக்க வேண்டாம். ஹட்டன் பக்கம் பெருமழை தென்மேற்குப் பருவத்தில் வரும். பதுளைப் பக்கம் ஆண்டின் கடைசி மாதங்களில் வரும், அதாவது பரீட்சைக்குப் படிக்க எல்லோரும் அறைக்குள் அடைந்திருக்கும் காலத்திலும் வரலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் பட்ட பாட்டைப் பார்த்தபிறகும், ‘மேலிடத்திலிருந்து கடிதம் வரட்டும்’ என்று இருப்பவரை எனக்கு விளங்கவில்லை.

காதல் விவகாரங்களில் தலையிடுவது

படலை மூடும் நேரம் உங்களுடையது. மற்றது அவர்களுடையது.

தமிழ் அறிவித்தலை மாலைக்குத் தள்ளிப்போடுவது

காலையில் ‘இன்று பத்து மணிக்கு நீர் வெட்டு’ என்று சிங்களத்தில் ஒட்டுவார்கள். தமிழில் எழுத ஆள் இல்லை, பிறகு பார்ப்போம் என்பார்கள். தமிழ் அறிவித்தல் ஏறும்போது தாங்கியில் தண்ணீர் இருக்காது. வாளி நிரப்பியவர்கள் ஒரு பக்கம், நிரப்பாதவர்கள் ஒரு பக்கம் என்று அன்றிரவு விடுதி இரண்டாகப் பிரிந்து நிற்கும். அதற்குப் பிறகு நீங்கள் எத்தனை நல்லிணக்கக் கூட்டம் வைத்தாலும் அந்த வாளிதான் நினைவில் நிற்கும். தமிழ் சப் வோர்டன்கள் இதை மறுபக்கமாகச் செய்வதையும் கண்டிருக்கிறேன். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒட்டுங்கள், அல்லது இரண்டும் தயாராகும்வரை வாயால் அறை அறையாகச் சொல்லுங்கள். நீர் வெட்டு, மின்வெட்டு, படலை நேரம், நுளம்புப் புகை அடிக்கும் நாள் போன்றவற்றுக்கு வார்ப்புரு எழுதி வைத்திருந்தால் திகதியை மாற்றினால் போதும். நோன்பு மாதம் தொடங்குமுன் முஸ்லிம் மாணவியரிடம் விடியமுன் சாப்பிடும் சஹர் நேரத்தைக் கேட்டு, சமையலறைச் சாவி அந்நேரத்தில் யாரிடம் இருக்கும் என்பதையும் முடிவு செய்யுங்கள்.

கதவை எப்போதும் திறந்து வைப்பது

இது நல்லவர்கள் செய்யும் தவறு. எந்நேரமும் வரலாம் என்று சொல்லிவிட்டால் எந்நேரமும் வருவார்கள். அயன்பெட்டி கேட்டு, ஊசிநூல் கேட்டு, அறைத்தோழி குறட்டை விடுகிறாள் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். ஆறு மாதத்தில் உங்கள் ஆய்வு முன்மொழிவு முதல் அத்தியாயத்திலேயே கிடக்கும், மேற்பார்வையாளர் மின்னஞ்சலுக்குப் பதில் போடுவதை நிறுத்தியிருப்பார். இந்த அறை உங்களுக்குக் கிடைத்ததே ஆய்வை முடிப்பதற்காகத்தான். இரவில் ஒரு மணிநேரத்தை ஒதுக்கிக் கதவில் எழுதிப் போடுங்கள். இரத்தம், காய்ச்சல், புகை, பயம் என்றால் நேரம் பார்க்காமல் தட்டலாம் என்று கீழே எழுதுங்கள். ‘பயம்’ என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும். அது அந்தப் பட்டியலில் இருப்பதைக் கண்ட பிறகுதான் சிலர் தட்டத் துணிகிறார்கள்.

எண்ணாமல் கையெழுத்திடுவது

பொறுப்பேற்கும் நாளில் பொருட் பதிவேட்டை நீட்டி, “எல்லாம் சரியாக இருக்கிறது, மிஸ், இங்கே போடுங்கள்” என்பார்கள். போட்டால், நீங்கள் வருமுன்னரே காணாமல் போன மெத்தைகளும் உங்கள் கணக்கில்தான் சேரும். விலகும்போது விடுவிப்புக் கடிதம் அந்த மெத்தைகளுக்காகவே மாதக்கணக்கில் மேசை மேசையாக அலையும். கட்டில், மெத்தை, அலுமாரி, மேசை எல்லாவற்றையும் அறை அறையாக எண்ணி, உடைந்ததை உடைந்தது என்று எழுதி, முன்பு இருந்தவரின் கையெழுத்தையும் வாங்குங்கள். மின்குமிழ்களையும் எண்ணுங்கள்.